கட்சிக்காரர் இல்லாத ஒரு வருஷம்

வக்கீலாக என்ரோல் ஆனவருக்குச் சீக்கிரமே ஒரு கட்சிக்காரர் வந்துவிடுவார். அன்று முதல் எந்தச் சட்டத்தைப் படித்தாலும், எந்தத் தீர்ப்பைப் புரட்டினாலும், "இது நம்ம ஆளுக்கு உதவுமா?" என்ற கேள்வி கூடவே வரும். தப்பில்லை, தொழிலே அதுதான். தலைமுடி நரைத்து சீனியர் ஆன பிறகும் அந்தக் கேள்வி விடாது. அது இல்லாமல், யார் ஜெயித்தாலும் எனக்கு வரவும் இல்லை செலவும் இல்லை என்று உட்கார்ந்து, ஒரு வழக்கை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை படிக்கலாம், அதற்குச் சம்பளமும் தருவார்கள் என்றால் நம்புவீர்களா? அப்படி ஒரு இடம் இருக்கிறது. நீதிபதியின் சேம்பர்.

சட்டக் கல்லூரியை முடித்த கையோடு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதியிடம் சட்ட ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தேன். லா கிளார்க் என்றால் சட்டென்று புரியும். ஒப்பந்த வேலைதான். அது முடியும்வரை தனியாக வக்கீல் தொழில் செய்யக்கூடாது. "கவுன் போடாம கோர்ட்டுக்குப் போறியா?" என்று பெரியம்மா கேட்டாள். ஆமாம் பெரியம்மா, கவுன் போடாமல்தான் போனேன். அதைப் போல ஒரு வருஷம் இனி எனக்குக் கிடைக்காது. இந்தக் கட்டுரையில் நடுநிலையைத் தேடாதீர்கள். நடுநிலையாக இருக்க வேண்டிய காலத்தில் இருந்துவிட்டேன்.

கட்டடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே சிவப்புச் செங்கல்லில் அந்தக் கோபுரங்கள். 1892 ஜூலையில் திறந்த கட்டடம். அதன் உயரமான கோபுரத்தின் உச்சியில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. நீதிபதிகளின் தலைக்கு மேலே கப்பலுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் போட்ட குண்டுகளில் ஒன்று விழுந்த இடத்தில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே, இந்த நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயரின் சிலை, வெறுங்காலோடு. இதையெல்லாம் சுற்றுலாப் பயணிபோல வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு வேலைக்குப் போனேன், கடைசி வாரம் வரை. நீதிபதி சேம்பரை விட்டுக் கிளம்பும்போது கோலைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகும் தபேதார் "உஷ்" என்று ஒரு சத்தம் கொடுப்பார். நெரிசலான அந்த வராண்டா இரண்டாகப் பிரியும். லா கிளார்க்குகளான நாங்கள் பின்னால் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அந்த ஓட்டமே தனிச் சுகம்.

வேலை என்ன என்று கேட்பீர்கள். சாயங்காலம் அடுத்த நாளின் வழக்குப் பட்டியலான காஸ் லிஸ்ட் வெளியாகும். அட்மிஷன் கேட்கும் கோர்ட்டாக இருந்தால் லிஸ்டில் நூறைத் தாண்டும் நாட்கள் உண்டு. கேஸ் கட்டுகள் வந்து இறங்கும். அஃபிடவிட், ஆவணங்களை டைப் அடித்துத் தொகுத்த டைப்டு செட், எதிர்த்தரப்பின் பதிலான கவுண்ட்டர் எல்லாவற்றையும் படித்து, ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் குறிப்பு எழுத வேண்டும்: என்ன நடந்தது, என்ன கேட்கிறார்கள், கீழே என்ன சொன்னார்கள், எந்தச் சட்டப்பிரிவு, சாதகமாக என்ன தீர்ப்பு, பாதகமாக என்ன தீர்ப்பு. எங்கள் நீதிபதி போட்ட விதி ஒன்றுதான். "உன் குறிப்பைப் படிச்சா ரெண்டு பக்கத்து வக்கீலும், 'அட, நம்ம வாதத்தை நாமளே இவ்வளவு நல்லா சொல்லலையே'ன்னு நினைக்கணும். யார் ஜெயிக்கணும்கிறது அதுல இருக்கக் கூடாது. அந்த வேலைக்கு எனக்குச் சம்பளம் தர்றாங்க."

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பாருங்கள். கட்டைப் பிரித்த பத்தாவது நிமிஷத்தில் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். விதவைத் தாய், ஏமாற்றிய மகன் என்று அஃபிடவிட்டில் இருந்தால் அந்த மகன்மேல் கோபம் வந்துவிடும். அதே கோபத்தோடு மகனின் கவுண்ட்டரைப் படித்து, அவன் பக்கத்தில் இருக்கும் மிக வலுவான பாயிண்ட்டைத் தோண்டி எடுத்து, அதைத் தாய் பக்கத்துப் பாயிண்ட்டுக்குச் சமமான நீளத்தில் எழுத வேண்டும். முதல் சில வாரங்களுக்குப் பல் வலிபோல இருந்தது. பிறகு அது ஒரு போதை. இன்று என் கட்சிக்காரருக்காக வாதம் தயாரிக்கும்போது நான் முதலில் எழுதுவது எதிர்த்தரப்பு வாதத்தைத்தான். இந்தப் பழக்கத்தை எந்தக் கல்லூரியும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தவை செகண்ட் அப்பீல்கள். நண்பர்கள் சிரிப்பார்கள். ரிட் மனு என்றால் அரசியலமைப்பு, அடிப்படை உரிமை, மறுநாள் பேப்பரில் செய்தி. செகண்ட் அப்பீல் என்றால் வரப்புத் தகராறு. சிவில் நடைமுறைச் சட்டம் 100ஆம் பிரிவின்படி, முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தால்தான் உயர் நீதிமன்றம் அதைத் தொடலாம். 1976 திருத்தத்துக்குப் பிறகு கதவு அவ்வளவு குறுகல். கீழே இரண்டு கோர்ட்டுகள் சாட்சியத்தை அலசி முடித்திருக்கும். அப்படியும் வருகிறார்கள். பொதுக் கிணற்றில் முறைத் தண்ணீர், கொல்லைப்புறத்துக்குப் போகும் மூன்றடிப் பாதை, அடுத்த வீட்டு மழைநீர் நம் சுவரில் விழுகிறது என்பது. தாத்தா போட்ட வழக்கைப் பேரன் நடத்திக்கொண்டிருப்பான். ஒரு கட்டைப் பிரித்தால் ஒரு ஊரே உள்ளே இருக்கும்: தாய்ப்பத்திரம், பாகப்பிரிவினை, அடங்கல், சிட்டா, கமிஷனர் போட்ட பிளான், வெற்றிலைக் கறையா மைக் கறையா என்று தெரியாத ஒரு ரேகை. கீழ்க்கோர்ட் சாட்சியம் முழுக்கத் தமிழில். குறுக்கு விசாரணையில் பக்கத்துக்குப் பக்கம் "என்று சொன்னால் சரியல்ல", "என்று சொன்னால் சரியல்ல" என்று ஓடிக்கொண்டே வந்து, திடீரென்று ஒரு இடத்தில் "என்று சொன்னால் சரிதான்" என்று வரும். அந்த ஒரு வரியில் வழக்கு உட்கார்ந்திருக்கும். நாவல் படித்து இப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். எந்த வழக்கு, எந்த ஊர் என்று கேட்காதீர்கள். பதிவு செய்யாத பழைய கிரய ஒப்பந்தம் ஒன்று. டைப்டு செட்டில் அதன் வாசகம் அழகாக டைப் அடித்து வைத்திருந்தது: தேதி, தொகை, சொத்து விவரம், சாட்சிகள். வழக்கம்போல எல்லோரும் அதைத்தான் படிப்பார்கள். கீழ்க்கோர்ட்டிலிருந்து ஒரிஜினல் ரெக்கார்டுகள் வந்திருந்ததால் நான் அந்தப் பத்திரத்தையே எடுத்துப் பார்த்தேன். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த பழுப்புத் தாள். முன்பக்கம் டைப்டு செட்டில் இருப்பதேதான். திருப்பினேன். பின்பக்கத்தில் முத்திரைத்தாள் விற்றவரின் ரப்பர் ஸ்டாம்ப், வரிசை எண், வாங்கியவர் பெயர், விற்ற தேதி. ஒப்பந்தம் எழுதியதாகச் சொல்லும் தேதிக்குப் பிறகு வந்த தேதி! தாளை வாங்குவதற்கு முன்பே அந்தத் தாளில் ஒப்பந்தம் எழுதியிருக்கிறார்கள்.

கை நடுங்கியது. நீதிபதியிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரொம்பச் சந்தோஷப்படாதம்மா. இதுக்கு அவங்ககிட்ட ஒரு பதில் இருக்கலாம். வக்கீல்களுக்குத் தெரியாம நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச விஷயத்தை வச்சுத் தீர்ப்பு எழுத முடியாது. நாளைக்கு ஓப்பன் கோர்ட்ல கேட்போம்." மறுநாள் கேட்டார். தாளை இரண்டு தரப்பு வக்கீல்களிடமும் காட்டச் சொன்னார். ஒருவர் அவகாசம் கேட்டார். இன்னொருவர் சாட்சியத்தைப் புரட்டி, விசாரணைக் கோர்ட்டிலேயே இதைக் குறுக்கு விசாரணையில் கேட்டிருக்கிறோம், முதல் மேல்முறையீட்டுத் தீர்ப்பில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று காட்டினார். முக்கியமான சாட்சியத்தைக் கண்ணெடுத்தும் பார்க்காமல் எழுதிய தீர்ப்பு நிற்குமா? 100ஆம் பிரிவின் அந்தக் குறுகலான கதவு திறந்துகொண்ட சத்தம் எனக்குக் கேட்டது. அதன் பிறகு வழக்கு எப்படிப் போனது என்பது இங்கே வேண்டாம். ஆனால் வகுப்பில் இயற்கை நீதி என்று மூன்று மார்க்குக்கு மனப்பாடம் செய்தது என்ன என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

தீர்ப்புகளைச் சரிபார்ப்பது இன்னொரு பெரிய வேலை. வாதம் முடிந்ததும் இரண்டு தரப்பும் மேற்கோள் காட்டிய தீர்ப்புகளின் பட்டியல் என் மேசைக்கு வரும். ஒவ்வொன்றையும் எடுத்து, பிறகு வந்த தீர்ப்பு எதுவும் இதைத் தூக்கிப் போட்டுவிட்டதா என்று பார்க்க வேண்டும். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் கிடைக்கிறது. ஆனாலும் 1891இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னலின் பழைய வால்யூம் ஒன்றை அலமாரியிலிருந்து இறக்கித் தூசி தட்டிப் படிக்கும் ருசி வேறு. அந்த அலமாரிகளில்தான் இடஒதுக்கீட்டு அரசாணையை எதிர்த்த செண்பகம் துரைராஜன் வழக்கைப் படித்தேன். இந்தக் கட்டடத்தில் தொடங்கி, டெல்லிக்குப் போய், 1951இல் அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்கே காரணமான வழக்கு. அந்த வராண்டாவில் கட்டு தூக்கிக்கொண்டு நடக்கிறோம் என்று நினைத்தாலே கால் தரையில் பாவாது.

சரிபார்க்கும்போது கிடைக்கும் வேடிக்கைகளும் உண்டு. ஒரு முறை ஒரு வக்கீல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் ஒரு பாராவை உரக்கப் படித்து, இதைவிடத் தெளிவாக ஒரு சட்டம் இருக்க முடியாது மை லார்ட் என்றார். அந்தப் பாரா, அந்த வழக்கில் தோற்ற தரப்பு வைத்த வாதத்தை நீதிபதிகள் பதிவு செய்த பாரா. நான் துண்டுச் சீட்டு அனுப்பினேன். எங்கள் நீதிபதி முகம் மாறாமல், "அடுத்த பாராவையும் படிங்களேன்" என்றார். படித்தார். பாதியில் அவரே சிரித்துவிட்டார். 2023இல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி கற்பனை செய்து கொடுத்த தீர்ப்புகளைக் கோர்ட்டில் தாக்கல் செய்து வக்கீல்கள் அபராதம் கட்டினார்கள். இனி இந்தச் சரிபார்க்கும் வேலைக்கு மவுசு கூடத்தான் போகிறது.

தீர்ப்பு உருவாவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது... இதை எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. ஓப்பன் கோர்ட்டில் குறிப்பு எதையும் பார்க்காமல் கடகடவென்று டிக்டேட் செய்யும் தீர்ப்பு ஒரு வகை. அப்போது ஸ்டெனோவைப் பாருங்கள். நீதிபதி ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி யோசித்தால், அவர் எங்கே திரும்பப் போகிறார் என்று அந்த அம்மாவுக்கு முன்பே தெரியும், பென்சில் காத்திருக்கும். தீர்ப்பை ஒத்திவைத்து எழுதுவது இன்னொரு வகை. சேம்பரில் நடந்துகொண்டே சொல்வார். நாங்கள் மறுப்போம். ஆமாம், மறுப்போம்! "அந்த ஃபுல் பெஞ்ச் தீர்ப்பு இதுக்குப் பொருந்தாது சார்" என்று முந்தாநாள் பட்டம் வாங்கிய ஒருத்தி சொல்ல, அத்தனை வருஷம் சட்டத்தில் ஊறிய மனிதர் நின்று, "ஏன் பொருந்தாது? சொல்லு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். எப்போதாவது நாங்கள் சொன்னது. அந்த எப்போதாவதுக்காக ராத்திரி எல்லாம் கண் விழிக்கலாம்.

ஒரு வழக்கில் வாதம் முடிந்தபோது அவர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. எழுத ஆரம்பித்தார். காரணங்கள் சொல்லும் இடத்தில் நின்றுவிட்டது. அடித்தார், மறுபடி சொன்னார், அடித்தார். கடைசியில், "எழுத எழுத இது அந்தப் பக்கம் போகுதும்மா. வக்கீல்களைக் கூப்பிட்டு இன்னொரு தடவை கேட்டுடலாம்" என்று விளக்கத்துக்காக மறுபடி லிஸ்டில் போடச் சொன்னார். காரணம் எழுத முடியாவிட்டால் முடிவும் கிடையாது என்ற இந்த நேர்மையைப் பார்த்தபோது, 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் செய்தது நினைவுக்கு வந்தது. வீட்டாரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கு. ஒருபால் உறவு பற்றித் தனக்கே முன்முடிவுகள் இருக்கின்றன என்று தன் உத்தரவிலேயே எழுதி, ஒரு மனநல நிபுணரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகுதான் விரிவான உத்தரவு பிறப்பித்தார். செய்தியாகப் படித்தபோது அபூர்வம் என்று நினைத்தேன். சேம்பருக்குள் இருந்த பிறகு, அந்த மாதிரித் தடுமாற்றம் சின்ன அளவில் வாரா வாரம் நடக்கிறது, வெளியே தெரிவதில்லை என்று தெரிந்துகொண்டேன்.

நீதிபதிக்கு லா கிளார்க் என்ற இந்த ஏற்பாடு நம் ஊரில் புதுசு. அமெரிக்காவில் ஹொரேஸ் கிரே என்ற நீதிபதி 1882இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, சட்டம் படித்த இளைஞர்களைச் சொந்தக் காசில் சம்பளம் கொடுத்து உதவிக்கு வைத்துக்கொண்டார். பிறகு அது அங்கே ஒரு பரம்பரையாகவே ஆகிவிட்டது: ராபர்ட் ஜாக்ஸனிடம் கிளார்க்காக இருந்த ரென்க்விஸ்ட் தலைமை நீதிபதி ஆனார்; ரென்க்விஸ்டிடம் கிளார்க்காக இருந்த ஜான் ராபர்ட்ஸும் தலைமை நீதிபதி ஆனார். இங்கே அப்படி ஒரு மரியாதை இன்னும் வரவில்லை. வரும்.

குறைகளைச் சொல்லாவிட்டால் விளம்பரம் என்பீர்கள். சம்பளம் நான் சேர்ந்தபோது முப்பதாயிரம். உச்ச நீதிமன்றத்தில் 2024 அறிவிப்பில் எண்பதாயிரம். டெல்லியில் இருக்கும் தோழி இதை நினைவூட்டத் தவறுவதில்லை. பதிலுக்கு, திங்கள் வெள்ளிகளுக்காக அவள் படித்துத் தள்ளும் சிறப்பு அனுமதி மனுக்களின் உயரத்தை நான் நினைவூட்டுவேன். இளம் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயாவது கொடுங்கள் என்று 2024இல் இதே உயர் நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதோடு ஒப்பிட்டால் முப்பதாயிரம் மோசமில்லை. மயிலாப்பூரில் தனி ரூம் கேட்காதீர்கள், அவ்வளவுதான். கூடப் படித்தவர்கள் கோர்ட்டில் எழுந்து நின்று வாய்தா வாங்கப் பழகிக்கொண்டிருக்க, நாம் பின் வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருப்போம். நாம் உயிரைக் கொடுத்து உழைத்த தீர்ப்பில் நம் பெயர் எங்கும் வராது, வரவும் கூடாது.

கஷ்டமானது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். பேப்பரில் முதல் பக்கத்தில் வரும் வழக்கு நம் மேசையில் கிடக்கும். டீக்கடையில் நண்பர்கள் அதைப் பற்றி ஆளாளுக்குத் தப்புத் தப்பாகப் பேசுவார்கள். வடையைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்பா போனில், "நம்ம பக்கத்துக் கேஸ் எதுவும் வருதாம்மா?" என்பார். "சாப்டீங்களாப்பா?" என்பேன். தெரிந்தவர் வழக்கோ தெரிந்த வக்கீலோ என்றால் முதலிலேயே நீதிபதியிடம் சொல்லிவிட வேண்டும். கட்டு இன்னொரு கிளார்க்கிடம் போய்விடும்.

சேர நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு. உயர் நீதிமன்ற இணையதளத்தில் அறிவிப்பு வரும், பார்த்துக்கொண்டே இருங்கள். நேர்முகத் தேர்வில் லத்தீன் பழமொழிகளை அள்ளி வீசாதீர்கள்; ஒரு தீர்ப்பை எடுத்து அதன் உண்மைகள் எது, முடிவு எது, காரணம் எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால் போதும். வீட்டில் இருக்கும் பழைய கிரயப் பத்திரத்தை இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். அடங்கலில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார்கள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் கேளுங்கள். ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குள் எழுதப் பழகுங்கள். எந்த நீதிபதி வேண்டும் என்று கேட்கும் வாய்ப்பு அமைந்தால் பெரிய பெயரைப் பார்க்காதீர்கள். அவரிடம் இருந்த பழைய கிளார்க் ஒருவரைப் பிடித்து, "உங்ககிட்ட உட்கார்ந்து பேசுவாரா?" என்று மட்டும் கேளுங்கள். பேசாத நீதிபதியிடம் இருந்தால் அது வெறும் ஃபைல் வேலை.

மதுரைக் கிளை கிடைத்தால் சென்னையை விட்டுப் போகிறோமே என்று வருத்தப்படாதீர்கள். 2004இல் வந்த கட்டடம், கலங்கரை விளக்கம் கிடையாது, எம்டன் குண்டு கிடையாது. ஆனால் தென் மாவட்டங்களின் வரப்பும் வாய்க்காலும் கிணறும் முழுக்க அங்கேதான் வருகின்றன. ரோஸ்டரில் செகண்ட் அப்பீல் இருக்கும் நீதிபதியிடம் உங்களைப் போட்டுவிட்டால் மட்டும் தயவு செய்து எனக்குச் சொல்லாதீர்கள். பொறாமையில் வெந்துபோவேன்.